குமரேசன் பெயரில் இருக்கும் முகூர்த்த நேரம்

குமரேசன் போய்விட்டான்.

காலையில் அவன் தங்கச்சி போன் பண்ணிச் சொன்னாள். மாரடைப்பு... நாற்பது வயதுகூட ஆகவில்லை. நாளை மதியம் ரெம்பியாவில் இருக்கும் அவன் வீட்டிலிருந்து எடுக்கிறார்கள்.

அவனைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மலாக்காவில், தெங்கேராவில் ஒரு கோப்பிக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். இருவரும் வெப்சைட் செய்தோம். ஒரே வயது, பக்கத்துப் பக்கத்து நாற்காலி. எனக்கு ஆறு மாதம் முன்னால் சேர்ந்தவன்.

கோவில் கல்யாண மண்டபம் ஒன்றுக்கு புக்கிங் சைட் செய்யும் வேலை வந்தது. ஃபங்ஷனல் புரோகிராமிங் என்ற புது முறையில் கோடு எழுதும் லைப்ரரி ஒன்றை வைத்துத்தான் செய்வேன் என்று பிடிவாதம் பிடித்தான். இருவருக்கும் அது சுத்தமாகத் தெரியாது. கையேட்டின் முதல் பக்கத்தையே மூன்று நாள் படித்தோம்.

எனக்கு மண்டையில் ஏறவே இல்லை. கீழே கோப்பிக் கடைக்காரரிடம் கூட்டிக்கொண்டு போனான்.

"கோப்பி ஓ கொசொங் கேட்டா சீனி இல்லாமத்தான் வரணும்லா. நேத்து நீ என்ன குடிச்சே, வெளிய மழையா வெயிலான்னு அங்கிள் பாக்கக்கூடாது. கையில குடுத்தத மட்டும் வச்சி வேலை செய்யணும். அவ்ளோதான்டா ஃபங்ஷன்."

அன்றைக்குத்தான் சைட்டின் முதல் பக்கம் ஓடியது. திரையில் ஒரு தேதி, ஒரு பட்டன். அதைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தோம்.

அந்த சைட் முகூர்த்த நேரமும் காட்ட வேண்டும். தேதியையும் ஊரையும் கொடுத்தால் நேரம் வரும்படி எழுதி வைத்திருந்தான். அவன் சாப்பிடப் போன ஒரு மத்தியானம், அவன் லேப்டாப்பில் உட்கார்ந்து நான் அதைச் சுருக்கினேன். ஊரை எடுத்துவிட்டேன். எல்லாக் கல்யாணமும் மலாக்காவில்தானே...

பஞ்சாங்கம் தமிழ்நாட்டுடையது, அதில் இருப்பது இந்திய நேரம் என்பதை மறந்துவிட்டேன். ஊர் இல்லாததால், மலாக்காவுக்குக் கூட்ட வேண்டிய இரண்டரை மணி நேரம் கூட்டப்படவில்லை.

ஒரு மாதம் கழித்து, ஒரு பெண்ணின் அப்பா அச்சடித்த பத்திரிகைக் கட்டோடு மாடி ஏறி வந்தார். நேரம் தப்பு என்று குருக்கள் சொல்லிவிட்டாராம்.

அந்த வரியை யார் எழுதியது என்று பாஸ் கோடு மாற்றங்களின் ஹிஸ்டரியில் பார்த்தார். அவன் லேப்டாப், அவன் பெயர்.

குமரேசன் ஒரு தடவை என்னைப் பார்த்தான். எனக்குப் புரொபேஷன் முடிய இரண்டு வாரம் இருந்தது.

"சோரி பாஸ். நான்தான், கவனிக்கல."

நான் பத்திரிகைக் கட்டைப் பிரித்தேன்.

சாயங்காலம் வரை உட்கார்ந்து ஒவ்வொரு பத்திரிகையிலும் சரியான நேரத்தை ஸ்டிக்கரில் ஒட்டினோம். "கல்யாணத்துக்கு முன்னாடியே பாத்துட்டீங்களே அங்கிள், ஒன்னும் ஆவாது" என்று பெண்ணின் அப்பாவைத் தேற்றியதும் அவன்தான்.

அந்த லைப்ரரியே வேண்டாம் என்று பாஸ் சொல்லிவிட்டார். அடுத்த வேலை எனக்கு வந்தது. வருஷம் முடிவதற்குள் குமரேசன் வேறு கம்பெனிக்குப் போனான்.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு தீபாவளிக்கும் புக்கிட் காத்திலில் என் வீட்டுக்கு வருவான். ஒரு தடவை அந்த முகூர்த்த நேரப் பேச்சை எடுத்தேன். "விடுலா, முறுக்கு கொண்டா" என்றான். நானும் விட்டுவிட்டேன். அதுதான் இன்றைக்கு நெஞ்சை அறுக்கிறது.

பாஸும் பழைய ஆபீஸ் ஆட்களும் இந்தப் பதிவைப் படிப்பீர்கள். தெரிந்துகொள்ளுங்கள்... அந்த வரியில் இருப்பது அவன் பெயர். எழுதியது நான்.

போய்ட்டு வாடா, குமரேசா. நாளைக்கு உன் அப்பாவிடமும் சொல்லிவிடுகிறேன்.