மாமா வந்ததை நான் சொன்ன ஞாயிறு

எங்கள் தேவாலயத்தில் நடந்த கதை சொல்லும் போட்டியில் எனக்குப் பரிசு கிடைக்கவில்லை. நான் கதையைப் பிழையாகச் சொன்னேன் என்பதால் அல்ல. சொல்லி முடித்தபோது அங்கே புள்ளி போடுகிற நிலையில் ஒருவரும் இருக்கவில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. வீடு மட்டக்களப்புக்குத் தெற்கே பெரியகல்லாற்றில், வாவிப் பக்கமாக. எங்கள் ஞாயிறு பாடசாலை டீச்சருக்குக் கதையைவிட அதன் உட்கருத்தில்தான் பிடிப்பு அதிகம். யாராவது யோனாவை விழுங்கிய மீனைப் பற்றி ஆசையாகச் சொல்லத் தொடங்கினால், "மீன் கிடக்கட்டும் புள்ள, கதை என்ன சொல்லுது?" என்று இடையில் வெட்டுவார். மீன் பிடித்து வாழ்கிற ஊரில் மீன் கிடக்கட்டும் என்று சொன்ன ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும். அந்த வருடம் அவர் போட்டிக்குப் புது விதி ஒன்று வைத்தார். இயேசு சொன்ன ஓர் உவமையைச் சொல்லி, அதன் உட்கருத்தை ஒரே வரியில் சொல்லி, அதைப் போல நம் வீட்டில் கண்ட ஒன்றையும் சொல்ல வேண்டும்.

எனக்கு வந்தது, தன் பங்கை வாங்கிக்கொண்டு தூர தேசம் போய், எல்லாவற்றையும் தொலைத்துவிட்டுத் திரும்பி வந்த மகனின் கதை. தகப்பன் அவனைத் தூரத்திலேயே கண்டு ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து, நல்ல உடுப்பும் மோதிரமும் செருப்பும் கொடுத்து, விருந்து வைப்பார்.

எங்கள் வீட்டிலிருந்தும் தூர தேசம் போனவர்கள் இருந்தார்கள். அம்மாவின் தம்பியும் அப்பாவின் தம்பியும், அதாவது என் மாமாவும் சித்தப்பாவும், மூன்று வருடங்களுக்கு முன் ஒரே படகில் அவுஸ்திரேலியாவுக்கென்று போயிருந்தார்கள். போகிற யோசனை மாமாவுடையது. சித்தப்பாவைக் கதைத்துக் கதைத்து இழுத்துக்கொண்டு போனதும் அவர்தான். அப்பா எவ்வளவோ மறித்துப் பார்த்தார். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. அம்மா தினமும் ஜெபத்தில் இரண்டு பேரின் பெயரையும் சொல்வார். தன் தம்பியின் பெயர் வரும்போது மட்டும் குரல் தணிந்துவிடும்.

போட்டிக்கு முந்திய திங்கட்கிழமை எனக்குக் காய்ச்சல் விட்டு ஒரு நாள்தான் ஆகியிருந்தது. பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மா கல்முனைச் சந்தைக்குப் போயிருந்தார். நான் முற்றத்தில் நின்று கோழிகளுக்கு அந்தக் கதையைச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தேன். தகப்பன் மகனைத் தூரத்திலேயே கண்டு ஓடுகிற இடத்துக்கு வந்தபோது, மாமரத்தடியில் வலை தைத்துக்கொண்டிருந்த அப்பா எழுந்து ஓடினார்.

வாசல் படலையடியில் தாடி வளர்ந்த, மெலிந்த மனிதர் ஒருவர் நின்றார். அது மாமா என்று அடையாளம் காண எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அப்பா அவருடைய கழுத்தை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்திருந்தார். மாமா ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. அப்பாவின் கைகள் கழன்றன. அப்படியே மணலில் குந்திவிட்டார்.

பிறகு எழுந்து வந்து, கொடியில் காய்ந்துகொண்டிருந்த தன் வெள்ளைச் சட்டையை எடுத்து மாமாவுக்குக் கொடுத்தார். காலில் கிடந்த செருப்பையும் கழற்றிக் கொடுத்தார். பாணும் இரண்டு வாழைப்பழமும் கடதாசியில் சுற்றிக் கையில் வைத்தார். மெயின் ரோட்டுக்குக் கூட்டிப்போய் மட்டக்களப்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டு, வெறுங்காலோடு திரும்பி வந்தார்.

"அம்மாக்கு இப்ப ஒண்டும் சொல்லாத மகள். நான் சொல்லுறன்" என்றார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல இருந்தது. ஓட்டம் முடிந்தது, சட்டையும் செருப்பும் கொடுத்தாயிற்று. கதையில் அடுத்தது விருந்து. அம்மாவைத் திகைக்க வைப்பதற்காக அப்பா அதை மறைத்து வைத்திருக்கிறார். கிழமை முழுவதும் விருந்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை அம்மா அந்த வெள்ளைச் சட்டையை வீடெல்லாம் தேடினார். "காத்து அடிச்சுக்கொண்டு போயிருக்கும்" என்றார் அப்பா. நான் தலையணைக்குள் முகத்தை வைத்துச் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமையும் வந்தது, விருந்தைக் காணோம். சரி, நானே சொல்லிவிடலாம் என்று தீர்மானித்தேன்.

கதையைத் தடுமாறாமல் சொன்னேன். போதகர் ஐயா தலையாட்டிக்கொண்டிருந்தார். "மறுகா?" என்று அடுத்ததற்கு அவசரப்படுத்தினார் டீச்சர். "கதை என்ன சொல்லுது புள்ள?"

"திரும்பி வந்தவனுக்கு வீடு இருக்கு" என்றேன். "எங்கட வீட்டிலயும் இது நடந்தது. எங்கட மாமா திரும்பி வந்திட்டார். அப்பா தூரத்திலயே கண்டு ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிப்பிடிச்சவர். சட்டையும் செருப்பும் குடுத்தவர். எங்கட அப்பாட்ட மோதிரம் இல்ல, அதால அது மட்டும் குடுக்கல்ல."

பின்வரிசை வாங்கில் இருந்த யாரோ "ஸ்தோத்திரம்" என்று தொடங்கிப் பாதியில் நிறுத்தினார்கள். பெண்கள் பக்கத்தில் அம்மா எழுந்து நின்றார்.

"எப்ப புள்ள?"

"திங்கட்கிழமை."

"இப்ப எங்க அவன்?"

"அப்பா பஸ் ஏத்தி அனுப்பிட்டார்."

அதைச் சொன்ன பிறகுதான் என் காதுக்கே அது பிழையாகக் கேட்டது. கதையில் யாரும் யாரையும் அனுப்புவதில்லை.

அம்மா சந்தோசத்தில் அழுவார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவருடைய முகத்தில் இரத்தமே இல்லை. நடுவழியால் நடந்து ஆண்கள் பக்கம் போனார். அப்பா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"ஆறு நாள்" என்றார் அம்மா. "உசிரோட வந்தவனை வாசலோட அனுப்பிப்போட்டு, ஆறு நாளா நான் அவனுக்காக ஜெபிக்கிறதைப் பக்கத்தில இருந்து கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறீங்க."

ஆட்கள் முன்னால் அம்மா அப்பாவிடம் அப்படிக் கதைத்து நான் கண்டதே இல்லை. ஒலிவாங்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். "மாமா தனியவா வந்தவர்?"

"ஓம் அம்மா. தனியத்தான்."

அம்மா அப்பாவின் பக்கம் திரும்பினார். அப்போதுதான் அப்பா தலையை நிமிர்த்தினார். அந்த முகத்தை அம்மா பார்த்தார். அம்மாவின் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஆண்களின் வாங்கிலேயே அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா சத்தமாக அழத் தொடங்கினார்.

மாமாவை உள்ளே கூப்பிட்டால், அவர் ஏன் தனியாக வந்தார் என்று அம்மாவுக்குச் சொல்ல வேண்டியிருக்கும். தன் தம்பி இனி இல்லை என்பதைத் தன் வாயால் சொல்ல முடியாமல்தான் அவரை வவுணதீவில் ஒரு சினேகிதர் வீட்டுக்கு அனுப்பியதாக அப்பா எனக்குச் சொன்னது பல வருடங்கள் கழித்து. மாமாவின் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை, அவரை வெறுங்காலோடு விடவும் முடியவில்லை என்றார். அன்று பின்னேரமே அம்மா போய் மாமாவைக் கூட்டி வந்தார்.

ஆனால் அந்த நேரத்தில் எனக்கு இதெல்லாம் தெரியாது. தேவாலயம் முழுக்க ஆட்கள் அழுதுகொண்டிருந்தார்கள். நான்தான் எதையோ கெடுத்துவிட்டேன் என்று பயமாக இருந்தது. அதைச் சரி செய்ய வேண்டும் போலத் தோன்றியது. ஒலிவாங்கிக்குக் கிட்டப் போய், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"அழாதீங்க. சித்தப்பா அடுத்த பஸ்ஸில வருவார்."