பேனரில் விட்டுப்போன ‘வா’

சாரம் அரசுப் பள்ளியில் புவியியல் நடத்தும் கமலவேணி, ஊட்டியிலேயே ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்கியவள். அவளைத்தான் ஆசிரியர்களை அண்டார்டிகாவுக்குக் கூட்டிப்போகும் கல்விப் பயணத்துக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். செலவில் பாதிக்கு ஊரில் ஆதரவு திரட்டிக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை.

ஊர் சும்மா கொடுத்துவிடுமா? நகைக்கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். மண்டபத்து முதலாளி, “அங்க என்னா கோயில் இருக்கு?” என்று கேட்டார். கடைசியில் மனசு வைத்தவர் பாவாடை ஒருத்தர்தான். இறந்தவர்களை வைக்கும் ஃப்ரீசர் பாக்ஸை வாடகைக்கு விடுகிறவர். போன வருஷம் கமலவேணியின் அப்பாவுக்கும் அவர் பெட்டிதான் வந்தது.

“குளிர்ல போறீங்க, நம்ம லைன்தான டீச்சர்,” என்று சிரித்தார். “நாலு ரோட்டுல பெருசா பேனர் வெச்சிடறேன். பாத்துட்டு நாலு பேரு குடுப்பாங்க.”

அம்மா அஞ்சலாட்சிதான் மசியவில்லை. அப்பா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோது “போறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனவர், உயிரோடு திரும்பவில்லை. அதன்பிறகு அந்த வீட்டில் குப்பை கொட்டப் போனாலும் “வரேன்” சொல்லியாக வேண்டும். மாதக்கணக்கில் கெஞ்சியும் “போய்ட்டு வா” என்று அம்மா சொல்லவில்லை. அதைக் கேட்காமல் விமானம் ஏற கமலவேணிக்குப் பயம். புவியியல் படித்தால் பயம் போய்விடுமா என்ன.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா அசந்து தூங்கியதால், சொல்லாமலே தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குக் கிளம்பினாள். ஃபோனில் சார்ஜ் இல்லை. ஏலம் முடிந்ததும் மீன்காரர்களிடம் விஷயத்தைச் சொன்னாள். பாக்கியலட்சுமி என்பவள் ஐஸ் பெட்டியைத் திறந்து, “கைய வைங்க டீச்சர். தாங்கிட்டீங்கன்னா நாங்களே வசூல் பண்ணித் தரோம்,” என்றாள்.

கமலவேணி இரண்டு கைகளையும் முழங்கைவரை நொறுங்கிய ஐஸில் புதைத்தாள். முதலில் எரிந்தது. பிறகு கைகள் இருப்பதே தெரியவில்லை. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். ஐஸ் போட்டு ஒரு வஞ்சிரத்தையும் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

ஆட்டோ ஓட்டிய ராஜா வழியெல்லாம் ஓயாமல் பேசினான். சாரம் நாலு ரோட்டில் நிமிர்ந்து பார்த்தவன் பேச்சை நிறுத்திவிட்டு, கண்ணாடியில் அவளைப் பார்த்தான்.

காலையில் அவள் போன பிறகு கட்டிய பேனரில் அவளுடைய பாஸ்போர்ட் படம், சிரிப்பில்லாமல். இரண்டு பக்கமும் குத்துவிளக்குகள். பேனர் கடைக்காரருக்குக் கண்ணீர் அஞ்சலிதான் கைவந்த டிசைன். “போய் வா மகளே” என்று பாவாடை எழுதிக் கொடுத்திருந்தார். ‘வா’ இருக்கவேண்டிய இடத்தில் ஃப்ரீசர் பாக்ஸ் படமும் அவர் ஃபோன் நம்பரும் உட்கார்ந்திருந்தன. துருவப் பயணம் என்பதெல்லாம் அடியில் எறும்பு எழுத்தில்.

வீட்டு முனையில் அவளை இறக்கிவிட்டு, ராஜா காசு வாங்காமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

தெருவில் ஒரு டிவிகூட ஓடவில்லை. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தன. பக்கத்து வீட்டு அமுதவல்லி அவளைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. ஒதுங்கி வழி விட்டார்கள்.

உள்ளே அப்பாவின் படத்துக்குக் கீழே அம்மா உட்கார்ந்திருந்தாள்.

“அம்மா, நான்தாம்மா. பேனர்ல தப்பா போட்டுட்டாங்க.”

அஞ்சலாட்சி அவள் கையைப் பிடித்தாள். முழங்கைவரை தடவிப் பார்த்தாள்.

“சில்லுனு இருக்கு,” என்றாள். பெட்டியைத் திறந்து அப்பாவைத் தொட்டபோது சொன்ன அதே சொல், அதே குரல்.

“ஐஸ்ல வெச்சேம்மா…”

“எதுக்கும்மா வந்த? நான் அழமாட்டேன். இருந்துக்குவேன்.” எழுந்து, மகளின் தோளைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பினாள். விரட்டவில்லை. பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற மாதிரி மெதுவாகத்தான் தள்ளினாள். “நீ போ கண்ணு. திரும்பிப் பாக்காம போ.”

இத்தனை நாள் கேட்ட அனுமதி.

“போய்ட்டு வான்னு சொல்லும்மா,” என்று வாசற்படியில் நின்று குழந்தை மாதிரி அழுதாள். “ஒரு தடவ ‘வா’ன்னு சொல்லும்மா.”

பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது.