அம்புறோஸ் திருத்திய காற்று

மன்னாரின் தாழ்வுபாட்டுக் கரையில் மீன்பிடிக்கும் அம்புறோஸ் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருடம் அவர் வாசித்ததெல்லாம் பூசைப் புத்தகமும், கடலுக்குப் போகக் கடற்படை கொடுத்த பாஸில் இருந்த தன் பெயரும்தான். போர் நடந்துகொண்டிருந்த தொண்ணூற்றேழாம் ஆண்டு ஆனி மாதம் அந்தப் பாஸும் செல்லாது என்றார்கள். ஒருவரும் கடலில் இறங்கக்கூடாது. வள்ளங்கள் மணலில் ஏறிக் கிடந்தன. அம்புறோஸ் வீட்டுக்கும் கரைக்குமாக நடந்து நடந்து மனைவி திரேசம்மாவின் பொறுமையைச் சோதித்தார்.

"இஞ்சேருங்கோ, ஒரு இடத்தில இருங்கோ. பாக்கிற எனக்குத் தலை சுத்துது."

அவர் இருக்கப் போன கதிரையில் மகள் றீற்றா பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த புத்தகம் கிடந்தது. பெயர் 'நுரைக்கோட்டை'. மூன்று பிள்ளைகள் பாய்வள்ளம் ஒன்றில் ஏறி, கடல்நாகம் காவல் காக்கும் தீவுக்குப் போய், அங்கே கண்ணாடிக் கூட்டில் அடைபட்டிருக்கும் தங்கள் தம்பியை மீட்கும் கதை. பத்துப் பன்னிரண்டு வயதுக்காரருக்கு எழுதியது. எழுத்துப் பெரிது, வசனம் சின்னது. அம்புறோஸுக்கு அது தோதாக இருந்தது. உதட்டை அசைத்து அசைத்து வாசித்தார். மத்தியானச் சோறு ஆறிப்போனது.

அந்தப் பிள்ளைகளை எவரும் மறித்துப் பாஸ் கேட்கவில்லை. நினைத்தவுடன் வள்ளத்தைத் தள்ளினார்கள், போனார்கள். அந்த இடத்தை மட்டும் அவர் மூன்று தரம் வாசித்தார்.

"அப்பா, நாளைக்குத் திருப்பிக் குடுக்கவேணும்" என்றாள் றீற்றா.

"ரீச்சரிட்டச் சொல்லி இன்னொரு கிழமைக்கு எடு. நாகம் இப்பதான் தலையைத் தூக்குது."

ஒன்பதாம் அத்தியாயத்தில்தான் வினை வந்தது. தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று பலமாக வீசும்போது பிள்ளைகள் பாயை விரித்து, அந்தக் காற்றுக்கு நேர் எதிரே விறுவிறுவென்று ஓடுகிறார்கள். அம்புறோஸ் புத்தகத்தை மடியில் போட்டார்.

"இந்த ஆள் பிள்ளையளைக் கொல்லப் பாக்குது! காத்துக்கு நேர முகம் குடுத்தா வள்ளம் ஓடுமே? நாகம் என்னத்துக்கு? சோளகமே வள்ளத்தைத் தாட்டுப்போடும்."

"கதைதானே அப்பா."

"கதையெண்டாலும் அவை கடலிலயெல்லோ நிக்கினம்."

புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதியவரின் கண்டி முகவரி இருந்தது. அம்புறோஸ் றீற்றாவின் கொப்பித் தாளில் கடிதம் எழுதினார். எழுத்தில் சொல்லி முடியாததைப் படமாக வரைந்தார்: புத்தகப் படத்தில் இருந்த தீவுகள், நாகம், நீரோட்டம், காற்று வரும் திசை, காற்றுக்கு எதிரே போக வள்ளம் குறுக்கும் மறுக்குமாக ஓடவேண்டிய வழி. மறுநாள் காலை சைக்கிளில் மன்னார் தபால் கந்தோருக்குப் புறப்பட்டார்.

வழியில் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் சட்டைப் பையைத் தடவினான். தாளை விரித்தான். கடல், தீவுகள், அம்புக்குறிகள். அவன் முகம் மாறியது. அப்போதுதான் தன் கையால் என்ன வேலை பார்த்திருக்கிறோம் என்று அம்புறோஸுக்கு உறைத்தது. கடல் வரைபடத்தோடு பிடிபட்டவனை உளவு பார்ப்பவன் என்றுதான் நினைப்பார்கள்.

தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் வந்தார். "இது எந்த இடம்?"

"ஒரு இடமும் இல்லை சேர். கதையில வாற தீவு."

"கதை?"

"சின்னப் பிள்ளையளின்ர கதை, சேர்."

நரைத்த தலைக்காரனொருவன் சின்னப் பிள்ளைகளின் கதை என்று சொன்னதை யார் நம்புவார்? வெயிலில் ஒரு மரக்குற்றியில் இருத்திவைத்தார்கள். சந்தைக்குப் போய்த் திரும்பிய ஒருவர் கண்டு வீட்டில் சொல்ல, திரேசம்மா றீற்றாவையும் புத்தகத்தையும் இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள். முதல் பக்கத்தை விரித்து அதிகாரியின் முன் நீட்டினாள். அங்கே அச்சில் அதே தீவுகள். நடுவில் சுருண்டு கிடந்தது நாகம்.

அதிகாரி இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அம்புறோஸ் வரைந்த நாகத்தில் விரலை வைத்தார். "இது நேவிப் போட் இல்லையா?"

"இல்லை சேர். பாம்பு. எனக்கு வடிவா வரையத் தெரியாது."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "லெட்டர் போகலாம். மெப் போகாது" என்று படத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

திரேசம்மா வீட்டுக்குத் திரும்பத்தான் சொன்னாள். அம்புறோஸ் கேட்கவில்லை. தபால் கந்தோர் படியில் குந்தியிருந்து, படத்தில் இருந்ததையெல்லாம் வசனமாக்கினார். முப்பத்தைந்து வருடத்தில் அவர் எழுதிய மிக நீளமான எழுத்து அது. மூன்று பக்கம் வந்தது. முடித்தபோது விரல்கள் வலித்தன. வலை இழுத்த வலி போலில்லை. அது வேறு வலி, பிடித்திருந்தது.

ஐப்பசியில் பதில் வந்தது. புத்தகத்தை எழுதியவர் ஒரு பெண், புகையிரத நிலையக் கந்தோரில் வேலை. கடலை வாழ்நாளில் நான்கு தரம்தான் கண்டாராம். 'நீங்கள் சொன்னபடி ஒன்பதாம் அத்தியாயத்தைத் திருத்துகிறேன்' என்று எழுதியிருந்தார். அடுத்த வருடம் இரண்டாம் பதிப்பு தபாலில் வந்தது. பிள்ளைகள் குறுக்கும் மறுக்குமாக ஓடித் தீவைப் பிடித்தார்கள். அம்புறோஸ் அதை வீட்டில் உரக்க வாசித்தார். திரேசம்மா மீன் வெட்டுவதை நிறுத்திக் கேட்டாள்.

புத்தகத்தோடு இன்னொரு கட்டும் இருந்தது: அடுத்த கதையின் முதல் மூன்று அத்தியாயங்கள், கையெழுத்தில். ஓரத்தில் ஒரு கேள்வி. 'கடல்நாகம் கிட்ட வந்தால் வள்ளத்தில் இருப்பவருக்கு முதலில் என்ன தெரியும்?'

அதற்குள் கடலைத் தினமும் அரைநாளுக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். அம்புறோஸ் தாள்களைப் பொலித்தீன் பையில் சுற்றி வள்ளத்துக்கே கொண்டுபோனார். வலை போட்டுவிட்டு, தண்ணீரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பென்சிலை எடுத்து எழுதினார்: 'சின்ன மீன்கள் எல்லாம் ஒரேயடியாகக் கலையும். அதன் பிறகு தண்ணீர் சத்தம் போடாது.'