சாம்பலில் இறங்கியவன்

போன வாரம் எங்கள் தெரு மளிகைக்கடை எரிந்துபோனது. மறுநாள் இன்ஷூரன்ஸ்காரர் வந்தார். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, நடைபாதையில் நின்றபடியே சேதத்தை எழுதிக்கொண்டு போய்விட்டார். செருப்பில் ஒரு பொட்டுக் கரி இல்லை. ஈரக்கரி நாற்றம் மட்டும் என் வீட்டுக்குள் வந்து, என்னை ரங்கூனுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

நான் மூன்றாம் வகுப்பில் பாதி படித்தவன். மீதிப் பாதிக்கு முன்னால் கப்பலேறிவிட்டேன். மூட்டை தூக்கினேன், படகு தள்ளினேன், எதிலும் ஒரு வருஷம் நிலைக்கவில்லை. நிலைத்தது ஒரே வேலையில்தான். அரிசி மில்லோ கிடங்கோ எரிந்தால், நஷ்டத்தை மதிப்பிடும் துரை குடைக்கடியில் நிற்பார். நான் சாம்பலில் இறங்கித் தோண்டுவேன். நான் சொல்வதை அவர் எழுதுவார். கீழே அவர் பெயர். ஆறு வருஷம் இப்படிப் போனது. பிறகுதான் என் பெயரையும் கீழே போட்டுப் பார்க்கும் ஆசை வந்தது. அதற்குச் சர்க்கார் லைசென்ஸ் வேண்டும்.

லைசென்ஸ் ஆபீஸ் ஹெட்கிளார்க் சபாபதி என் மனுவைப் பார்த்துச் சிரித்தார். "மூணாங்கிளாஸுக்கு லைசென்ஸாடா? ரிக்‌ஷா லைசென்ஸ் வேணும்னா சொல்லு, நாளைக்கே வாங்கித் தாரேன்."

"எரிஞ்சது உமியா அரிசியான்னு சொல்ல இங்கிலீஷ் எதுக்குங்க?" என்றேன். மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்.

பரீட்சை பசுந்தாங் கால்வாய்க்கரையில், எரிந்த கிடங்கு ஒன்றில் நடந்தது. என்னோடு இரண்டு மெட்ரிகுலேஷன் பையன்கள். இருவரும் பலகைமேல் நின்று, மில்லின் பதிவேட்டைப் பார்த்து, "அத்தனையும் அரிசி" என்றார்கள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். உள்ளே இன்னும் கங்கு இருந்தது, பாதம் வெந்தது. அரிசி மூட்டை அடுக்கு எரிந்தால் வெளிமூட்டைதான் கருகும், நடுவில் நல்ல அரிசி கிடைக்கும். இங்கே அடிவரை வெள்ளைச் சாம்பல். மூட்டைகளில் இருந்தது உமி. அரிசி என்று சொல்லி இன்ஷூரன்ஸ் பணம் கேட்டிருந்தார் மில் முதலாளி.

கிடங்குக்குக் காவலிருந்த பர்மாக்காரர் கோ தா என் பக்கம் குனிந்து, "சயா, வாத்தியாரே, உன் மூக்கு பொல்லாத மூக்கு. வாயை மூடிக்கோ" என்றார்.

மூடியிருக்கலாம். பரீட்சை வைத்த துரையிடம் சத்தமாகச் சொன்னேன். தலையாட்டி எழுதிக்கொண்டார்.

பத்து நாள் கழித்து ஆபீசுக்குப் போனேன். லைசென்ஸ் இரண்டு பையன்களுக்கும். மேஜையில் கிடந்த ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டச் சொன்னேன். சபாபதி படித்தார். வெள்ளைச் சாம்பல், நடுவில் அரிசி இல்லாதது, எல்லாம் என் வார்த்தை. கீழே அந்தப் பையன்களில் ஒருவன் பெயர்.

"எனக்கு ஏன் இல்லை?"

"பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட் இல்லையேப்பா."

"அது மனு கொடுத்த அன்னிக்கே தெரியுமே. அப்புறம் எதுக்கு என்னை நெருப்புல இறக்குனீங்க?"

"அது பரீட்சை. இது ரூலு."

சொல்லிவிட்டு வெற்றிலை மடிக்க ஆரம்பித்துவிட்டார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் காது சுடுகிறது. மில் முதலாளியின் ஆட்கள் மட்டும் ரிப்போர்ட்டில் இருந்த பெயரைப் பார்க்கவில்லை. உமியைக் கண்டுபிடித்தவன் யார் என்று விசாரித்து, சரியாக என்னிடமே வந்தார்கள். முன்பல் இரண்டு போயின.

அப்புறம் எத்தனையோ வேலை, எத்தனையோ ஊர். ஜப்பான்காரன் சண்டை வந்தபோது திரும்பவும் ரங்கூனில்தான் இருந்தேன். குண்டு விழுந்து கால்வாய்க்கரை நாள்கணக்கில் எரிந்தது. அந்தக் கிடங்கும், பக்கத்து மில்களும், கோ தாவின் தெருவும் ஒன்றாகப் போயின. இந்தியாவுக்கு நடக்கப் புறப்பட்ட நம் ஜனங்களில் சிலர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "அண்ணே, எங்க கடை போனதை ஒரு காயிதத்துல எழுதிக் குடுங்க. ஊர்ல காட்டுவோம்."

சாம்பலைப் பார்த்துவிட்டு வந்து, ஒவ்வொருவருக்கும் எழுதிக் கொடுத்தேன். கீழே என் பெயரைப் போட்டேன். லைசென்ஸ் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய ஆபீஸ் அதற்கு முன்பே கதவைப் பூட்டிக்கொண்டு கப்பலேறிவிட்டது.