காற்றுக் குழாயில் சட்டைக் கை

பட்டறையில் அவருக்குக் காதுக்காரர் என்று பெயர். இன்ஜின் சத்தத்தைக் கேட்ட மாத்திரத்தில் கோளாறைச் சொல்லிவிடுவார். சொன்னால் சொன்னதுதான். பெண்டாட்டி தும்மினாலும் தூசித் தும்மலா, சளித் தும்மலா என்று தீர்ப்பு வழங்குகிற ஆள். அந்தக் காதை வைத்துக்கொண்டு அவர் பண்ணிய காரியத்தை என்னவென்று சொல்ல!

போன வாரம் அவரே சர்வீஸ் செய்து அனுப்பிய வீட்டு வண்டி திரும்பி வந்து நின்றது. டீசல் வேன்தான், உள்ளே கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவத் தொட்டி எல்லாம் உண்டு. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாரும் அவர் மனைவியும் ஊர் ஊராகச் சுற்ற வாங்கியது.

“மேடுன்னா இழுக்கவே மாட்டேங்குது. பின்னாடி ஒரே கரும்புகை,” என்றார் வாத்தியார்.

காதுக்காரர் ஆக்ஸிலேட்டரை இரண்டு மிதி மிதிக்கச் சொன்னார். “டீசல் கலப்படம் சார். எங்க போட்டீங்க?”

போதாதா? வாத்தியார் மனைவி பக்கம் திரும்பினார். “அந்த பங்க் வேண்டாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டியா நீ?”

அந்தம்மா வண்டிக்குள்ளே போய் டம்ளர்களைக் கழுவினார்.

டாங்கைக் காலி செய்து, டீசல் ஃபில்டரை மாற்றி, புது டீசல் ஊற்றி ஓட்டிப் பார்த்தார்கள். அடுத்த தெரு மேட்டிலேயே வண்டி முக்கி முனகியது. வாத்தியார் வழிநெடுக மனைவியை விடவில்லை. டீசலில் ஆரம்பித்து மச்சினன் கல்யாணம் வரைக்கும் இழுத்தார். அவர் கையில் பிரம்பை எடுத்துக் கொடுத்தவர் காதுக்காரர்தான்.

திரும்பி வந்ததும், எதற்கும் இருக்கட்டும் என்று காதுக்காரர் இன்ஜினுக்குக் காற்று போகும் ரப்பர் குழாயை அழுத்திப் பார்த்தார். உள்ளே ஏதோ மெத்தென்றது. கழற்றி விரலை விட்டு இழுத்தார். நீலக்கோடு போட்ட சட்டைக் கை ஒன்று சுருண்டு வந்தது. அவருடைய பழைய சட்டை. பட்டனைச் சிவப்பு நூலால் தைத்தது அவர் மனைவி. போன வாரம் காற்று ஃபில்டரைத் துடைக்கும்போது குழாய்க்குள் தூசி போகாமலிருக்க அவரே அடைத்து வைத்தது. எடுக்க மறந்து மாட்டிவிட்டார். இத்தனை நாள் இன்ஜின் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியிருக்கிறது.

பின்னால் காலடிச் சத்தம் கேட்கவும் துணியைப் பேன்ட் பையில் திணித்தார். அந்தம்மா டீயோடு நின்றார்.

குழாயை மாட்டி ஓட்டியதும் வண்டி மேட்டில் ஜம்மென்று ஏறி இறங்கியது. “பாத்தியா? டீசல்தான். பழசு கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கு,” என்றார் வாத்தியார் மனைவியிடம். காதுக்காரர் தலையை ஆட்டினார். அதுவும் நன்றாகவே ஆட்டினார், சே.

கிளம்பும்போது டம்ளரை வாங்குகிற சாக்கில் அந்தம்மா அருகே வந்தார். “தம்பி, பையில துணி வெளிய தொங்குது. உள்ள தள்ளிக்குங்க.” பிறகு கணவருக்குக் கேட்கும்படி, “இனிமே அந்த பங்க்ல போடமாட்டேன்,” என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை. வண்டி வாசலைத் தாண்டுமுன் காதுக்காரர் ஓடிப்போய் வாத்தியாரின் ஜன்னலில் துணியை நீட்டினார்.

“சார், அக்கா போட்டது நல்ல டீசல்தான். இத உள்ள வச்சு மறந்தது நான்.”

வாத்தியார் இன்ஜினை அணைத்தார். “என்கிட்ட ஏன் சொல்றீங்க? அவகிட்ட சொல்லுங்க.”

“அவங்களுக்குத் தெரியும் சார்.”

வாத்தியார் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கைப் பக்கம் அவர் திரும்பவே இல்லை.