ஜமால் பாய் சேர்த்த ஒரு வரி

"மாமா, அத்தா மவுத்தாயிட்டாங்க." ஜமால் பாயின் மகள் தன் அப்பா இறந்ததைப் போனில் இப்படிச் சொன்னபோது, ஸ்ரீரங்கத்திலிருந்து கடைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தேன். முதலில் எனக்கு வந்தது அழுகை இல்லை, நிம்மதி. அவரை அறிந்த நீங்கள் என்னை அடிக்க வராமல் கொஞ்சம் கேளுங்கள்.

பெரிய கடைவீதிப் பக்கம் கல்யாண ஆல்பம் அச்சடிக்கும் கடையில் நாங்கள் பத்து வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. படங்கள் எல்லாம் இருந்த லினக்ஸ் கம்ப்யூட்டர் அவர் பொறுப்பு. பழைய படங்களை அழித்தபின் டிஸ்க்கில் காலியாகும் இடத்தைச் சீர்செய்ய, வாரம் ஒரு முறை தானாக ஓடும் டைமர் ஒன்றை வைத்திருந்தார். ஜும்மா தொழுகைக்காகக் கடை மூடியிருக்கும் வெள்ளி மதியம் அதற்கு நேரம்.

ஒரு முகூர்த்த மாதத்தில் அந்தக் கம்ப்யூட்டர் நத்தையாக ஊர்ந்தது. முதலாளி கத்தினார். நானும் எல்லோர் முன்னாலும், "பாய், நீங்க வச்ச டைமர் லட்சணம் இதுதானா?" என்றேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன! அவர் கோபப்படவில்லை. "மெஷினைத் திட்டுறதுக்கு முன்னாடி, அந்த நேரத்துல அது முழிச்சிருந்துச்சான்னு பாருங்க" என்று டைமர் பட்டியலைத் திறந்தார். அடுத்த ஓட்டம் வரும் வெள்ளி. கடைசி ஓட்டம் என்ற இடம் காலி; டைமர் ஓடவே இல்லை.

"வெள்ளிக்கிழமை யாருங்க பூட்டுறது?" என்று என்னிடம் மட்டும் மெதுவாகக் கேட்டார். நான்தான். சாப்பிட வீட்டுக்குக் கிளம்பும்போது கம்ப்யூட்டரை நிறுத்தி, மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் பூட்டுவேன். எங்கள் வீட்டுப் பழக்கம் அது. டைமரோ தவறிய வாரத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வெள்ளிக்குக் காத்திருந்தது. நேரம் தவறினால் கம்ப்யூட்டர் எழுந்ததும் செய் என்று பாய் அதில் ஒரு வரி சேர்த்தார். ஒரு முறை கையால் ஓடவிட்டார். சாயங்காலத்துக்குள் பழைய வேகம் வந்துவிட்டது. முதலாளியிடம், "ஒரு வரி விட்டுட்டேங்க, என் தப்புதான்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

அது என்னை ஒரு வருடம் அரித்தது. போன வாரம், அவர் படுத்த படுக்கையாகிவிட்டார் என்று கேட்டதும், முதலாளியிடம் உண்மையைச் சொல்லிவிட்டு நேரே பாலக்கரையில் அவர் வீட்டுக்குப் போனேன். "மன்னிச்சிடுங்க பாய்" என்றேன்.

"அட, இதையா இன்னும் சுமந்துக்கிட்டு இருக்கீங்க? டீயைக் குடிங்க முதல்ல" என்று சிரித்தார். அப்பாடா என்றிருந்தது. மன்னிப்புக் கேட்காமல் அவர் மவுத்தான செய்தியைக் கேட்டிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன்!

இனி அந்தக் கம்ப்யூட்டர் என் பொறுப்பு. தவறு செய்தவரைத் தனியே கூப்பிட்டு மெதுவாகக் கேட்பது, இது அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது. அடக்கம் முடிந்த மறுநாள் டைமர் கோப்பைத் திறந்தேன். அவர் சேர்த்த வரிக்கு மேலே, "கடையில் கரெண்ட் கட் ஆகும். யார் மேலும் தப்பில்லை" என்று குறிப்பு எழுதியிருந்தார். அப்போதுதான் அழுதேன். அதை அழிக்க மனம் வரவில்லை. அதன் கீழே, "மெயினை அணைத்தவன் ரங்கராஜன்" என்று என் பெயரைச் சேர்த்துச் சேமித்தேன்.