மெதுவாக வந்த பந்து

யாங்கூன் குளிரைக் குளிர் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். எங்களுக்கு அது போதும். டிசம்பர் பிறந்ததும் கம்பளிக் குல்லாயை மாட்டிக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சின்லோன் ஆடப் போய்விடுவோம். பிரம்பில் முடைந்த பந்து அது. நடுவில் ஒருவர் நிற்க, ஐந்து பேர் அவரைச் சுற்றி நடந்துகொண்டே இருப்பார்கள். பந்து கீழே விழாமல் காலாலும் முட்டியாலும் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். எதிரணி கிடையாது, கோல் கிடையாது. என்னைப் போன்றவன் தோற்க வழியே இல்லாத விளையாட்டு என்று நினைத்துத்தான் நானும் சேர்ந்தேன்.

பசுந்தாங் சந்தைக்குப் பின்னால் இருக்கும் சந்தில் ஆடுவோம். வெங்காய லாரி வந்ததும் நான் மூட்டை இறக்கப் போய்விடுவேன். அதுதான் என் உத்தியோகம். மூட்டை உட்காரும் வலது தோளுக்குப் பின்னால்தான் அந்தக் கட்டி முளைத்தது. முதலில் மூட்டைக்கு இலவசமாக ஒரு மெத்தை கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேன். எலுமிச்சம்பழ அளவுக்கு வந்த பிறகு மனைவி ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

டாக்டர் அமுக்கிப் பார்த்தார், மிஷினை வைத்துப் பார்த்தார். வெறும் கொழுப்புக் கட்டி, ஒன்றும் செய்யாது, மூட்டை உரசுகிற இடம் என்பதால் எடுத்துவிடலாம் என்றார். அவசரமான நோயாளிகள் நிறையப் பேர் காத்திருப்பதால் என்னைச் சித்திரையில் தண்ணீர்த் திருவிழா முடிந்து வரச் சொன்னார். அதுவரை பந்து ஆடலாமா என்று கேட்டேன். கட்டியில் அடி படாமல் ஆடு என்றார்.

வெளியே வந்ததும் மனைவி சொன்னாள்: "வாயில இருந்த கொழுப்பு எடம் பத்தாம முதுகுக்குப் போயிருக்கு. ரெண்டையும் சேத்து எடுப்பாங்களான்னு கேட்டிருக்கலாம்."

மறுநாள் சந்தில் விஷயத்தைச் சொன்னேன். உள்ளதைச் சொல்லியிருந்தால் வம்பில்லை. நான் முதுகில் கர்ப்பமாக இருக்கிறேன், தண்ணீர்த் திருவிழா கழிந்து பிரசவம் என்று பர்மியில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார்கள். ஒன்றும் இல்லையாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். எங்களோடு ஆடும் தையல்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கட்டி வந்து இறந்த அவருடைய அண்ணனும் கடைசிவரை ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று சிரித்துக்கொண்டேதான் இருந்தாராம்.

அதற்கு அடுத்த நாளிலிருந்து எனக்குப் பந்து மெதுவாக வந்தது.

சின்லோனில் ஒருவன் உன்னைப் பற்றி என்ன நினைக்கிறான் என்பதை அவன் தட்டி விடுகிற பந்தே சொல்லிவிடும். நல்ல ஆட்டக்காரனுக்குக் கஷ்டமான பந்து போகும், குதித்து எடு என்று. எனக்கு வந்ததெல்லாம் குழந்தைக்கு ஊட்டுகிற சோறு மாதிரி, முட்டிக்கு நேராக, பதமாக வந்தது. நான் தவறவிட்டால், போட்டவன் தன் மேல்தான் தப்பு என்றான். நடுவில் நிற்க முன்பெல்லாம் என் முறை வருவதே அபூர்வம். இப்போது தினமும் என்னையே நடுவில் விட்டார்கள்.

உண்மையைச் சொல்வதென்றால், பிடித்திருந்தது. என் ஆட்டம் திடீரென்று கூடிவிட்டது என்றுகூட நினைத்தேன். என்னை மாதிரி ஆள்களுக்கு அந்த வசதி உண்டு. எங்கள் வட்டத்துக்குத் தலைவர் தேநீர்க் கடைக்காரர். எல்லோரும் அவரை அகோ என்போம், பர்மியில் அண்ணன். கியாக்தான் பக்கம் பயா என்கிற புத்தர் கோயில் ஒன்றின் திருவிழாவில் ஆட எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். தினமும் ஆட வருகிற ஒன்பது பேரில் ஆறு பேரை அகோ பொறுக்கினார். முதல் ஆளாக என்னைச் சொன்னார். மூட்டை இறக்குகிறவன் மேளதாளத்துக்கு நடுவே நின்று ஆடப்போகிறான். வீட்டில் போய் நடுக்கூடத்தில் ஆடிக்காட்டி, மனைவியிடம் திட்டு வாங்கினேன்.

பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. இத்தனை பேர் இவ்வளவு அன்பாக இருக்கிறார்களே, எனக்குத் தெரியாத எதுவோ இவர்களுக்குத் தெரியுமோ? டாக்டர் என் மனைவியிடம் தனியாக எதையாவது சொல்லியிருப்பாரோ? குளிக்கும்போது கையை முறுக்கிக் கட்டியைத் தொட்டுப் பார்ப்பேன். நேற்றைவிடப் பெரிதாகத் தெரியும். மறுபடி தொட்டால் சின்னதாகத் தெரியும். மூட்டை தூக்கும்போது வராத வலி, மெதுவான பந்து வரும்போது வந்தது.

எங்கள் வட்டத்தில் என்னைத் தவிர இன்னொரு தமிழன் உண்டு, வயரிங் வேலை செய்கிறவன். நான் பார்த்த நாளிலிருந்து பர்மியில் கூன் என்கிற வெற்றிலையால் அவன் வாய் சிவந்தே இருக்கும். ஒரு நாள் கவனித்தேன், பல் வெள்ளையாக இருந்தது. கல்யாணமா என்று கிண்டல் செய்தேன்.

"அம்மன்கிட்ட வேண்டிக்கிட்டேன் மச்சான்" என்றான், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "ஒனக்கு ஆபரேசன் நல்லபடியா முடியிற வரைக்கும் கூன் தொடறதில்ல."

வெற்றிலைக்காகச் சோற்றையே தள்ளி வைக்கிறவன் அவன். சிரிப்பு வருமென்று பார்த்தேன், வரவில்லை.

"டேய், நெசமாவே ஒண்ணுமில்லடா."

"நீ எதத்தான் நெசமா சொல்லியிருக்க?"

இத்தனை வருஷமாக எல்லாவற்றையும் வேடிக்கையாகச் சொல்லிச் சொல்லி, உண்மையைச் சொல்ல எனக்கென்று ஒரு குரல் இல்லாமல் செய்துகொண்டிருக்கிறேன். சும்மா இருந்திருந்தால் திருவிழாவில் ஆடிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அவன் வெறும் வாயை மெல்லுவதைப் பார்த்துக்கொண்டு எப்படி ஆடுவது?

மறுநாள் காலை ஆட்டம் தொடங்கும் முன் சட்டையைக் கழற்றினேன். நல்ல குளிர். வட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று, ஆளுக்கு ஒரு தரம் அமுக்கிப் பாருங்கள் என்றேன். தயங்கித் தயங்கி வந்தார்கள். கட்டி தோலுக்கு அடியில் வழுக்கி வழுக்கி நழுவியது. வயரிங்காரன் கோபத்தோடு அமுக்கினான். தையல்காரர் கடைசியாக வந்தார். குளிர்ந்த விரல்களால் வெகுநேரம் பார்த்தார். மற்றவர்களை நம்ப வைக்கத்தான் சட்டையைக் கழற்றினேன் என்று நினைத்திருந்தேன். அவர் என்ன சொல்வார் என்று அதிகம் பயந்தது நான்தான்.

தன் அண்ணனுடையது கல் மாதிரி இருந்தது, அசையவே அசையாது என்றார். பிறகு என் சட்டையை அவரே எடுத்து என் தோளில் போட்டார்.

அகோ பந்தைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"அப்ப ஒனக்கு ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்ல அகோ."

"அப்ப திருவிழாவுக்கு நீ வேணாம். பந்து பின்னால போனா ஒன் காலு எங்கேயோ போவுது."

என் இடத்துக்கு வயரிங்காரனைச் சொன்னார். எல்லோரும் உடனே சரி என்றார்கள். ஒருவராவது யோசித்திருக்கலாம். வயரிங்காரனுக்கு ஆட இடம் கிடைத்ததே தவிர, வேண்டுதலை மாற்ற முடியாதாம். அதனால் என் ஆபரேஷன் தேதியை என்னைவிட அதிகமாக விசாரிப்பது அவன்தான்.

அன்றைய ஆட்டத்தில் எனக்கு வந்த முதல் பந்து விர்ரென்று வந்தது. எடுக்க முடியவில்லை. தையல்காரர் உச்சுக்கொட்டினார்.

திருவிழாவுக்கு நானும் பஸ்ஸில் போனேன், எல்லோருடைய செருப்புக்கும் பைக்கும் காவலாக. மேளம் முழங்கியது. வயரிங்காரன் நடுவில் சுழன்று, பார்க்காமலே பின்னங்காலால் பந்தைத் தூக்கிவிட்டான். ஜனங்கள் கத்தினார்கள். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

பக்கத்தில் கடலை கொறித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், இவர்களோடு வந்தவன்தானே, நீ ஏன் ஆடவில்லை என்று கேட்டார்.

"ஒடம்பு நல்லா இருக்குதுங்க, அதான்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கடலைப் பொட்டலத்தோடு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.